முதலாம் வகை நீரிழிவுள்ள சிறுபிள்ளையுடன் கொழும்பிலிருந்து குடிபெயர்தல்

எங்கள் மகளுக்கு முதலாம் வகை நீரிழிவு இருப்பது மூன்று வயதில் தெரியவந்தது. அவளுக்கு ஐந்து வயது நிறையும் முன்னர், கணவரின் வேலை காரணமாக வெள்ளவத்தையிலிருந்து லண்டனுக்குக் குடிபெயர்ந்தோம். ஒப்பந்தம் முடிந்து இப்போது மீண்டும் கொழும்பில் இருக்கிறோம். இதே நிலையில் வெளிநாடு செல்ல ஆயத்தமாகும் பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது விமானப் பயணத்தைப் பற்றித்தான். விமானம் ஒரு நாளில் முடிந்துவிடும். கவலைப்பட வேண்டியது அதற்குப் பின்னால் இருக்கும் வாரங்களைப் பற்றி. கொழும்பில் பிள்ளையைப் பார்த்த வைத்தியரின் பொறுப்பு ஓய்ந்து, போன இடத்து வைத்தியரின் முதல் மருந்துச் சீட்டு கையில் கிடைக்கும் வரை, பிள்ளையின் மருந்துக் களஞ்சியமும் கிளினிக் கொப்பியும் இரவுத் தாதியும் நீங்கள் மட்டும்தான். அந்த இடைவெளியை எப்படிக் கடப்பது என்பதையே இங்கே எழுதுகிறேன். மருந்தின் அளவை மாற்றும் எந்த முடிவும் உங்கள் பிள்ளையின் வைத்தியருடையது. நான் தரும் எண்கள், அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை நீங்கள் அறிந்துகொள்வதற்காக.

கடிதமும் விசாவும்

பயணத்துக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே விசேட வைத்திய நிபுணரிடம் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கேளுங்கள். கிளினிக் கொப்பியின் பிரதி மட்டும் போதாது, ஏனெனில் அதிலுள்ள சுருக்கெழுத்து அந்தக் கிளினிக்குக்கு மட்டுமே விளங்கும். நோய் கண்டறியப்பட்ட திகதி, தற்போதைய நிறை, இன்சுலின்களின் வணிகப் பெயரோடு பொதுப் பெயர், ஒவ்வொரு வேளை அளவு, மாச்சத்தைக் கணக்கிட்டு ஊசி போடுபவர்களாயின் எத்தனை கிராமுக்கு ஒரு அலகு என்ற விகிதம், சீனி கூடும்போது சேர்க்கும் திருத்த அளவு, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையின் கடைசி மூன்று முடிவுகள், தைரொயிட் மற்றும் சீலியாக் (கோதுமைப் புரதம் ஒவ்வாத குடல் நோய்) பரிசோதனைகள் நடந்த திகதிகள் ஆகியவை அதில் இருக்க வேண்டும். பொதுப் பெயர் ஏன் அவசியமென்றால், ஒரே இன்சுலின் நாட்டுக்கு நாடு வேறு பெயரில் விற்கப்படலாம். கடிதத்திலுள்ள பிள்ளையின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். தகப்பன் பெயர் முன்னும் பிள்ளையின் பெயர் பின்னுமாக எழுதும் எங்கள் வழக்கத்தால், கொப்பியில் ஒரு பெயரும் கடவுச்சீட்டில் இன்னொரு பெயரும் இருப்பது மிகச் சாதாரணம். பிறந்த நாள் முதல் பேணி வந்த சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டையும் உடன் வையுங்கள். தடுப்பூசி விபரங்களை அங்கே கட்டாயம் கேட்பார்கள்.

விசா விண்ணப்பத்தில் நோயை மறைக்க வேண்டாம். நண்பர்கள் என்ன ஆலோசனை சொன்னாலும் வேண்டாம். பிரித்தானியா நோயின் செலவைக் காரணமாக்கி விசாவை மறுப்பதில்லை. அதற்குப் பதிலாக, 2024 பெப்ரவரி 6 முதல் 18 வயதுக்குக் குறைந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணத்தை, விசாக் காலம் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே அறவிடுகிறது. பெரிய தொகைதான், ஆனால் ஒரு நீரிழிவுப் பிள்ளைக்கு அது பலமடங்கு திரும்பக் கிடைக்கிறது. கனடாவும் அவுஸ்திரேலியாவும் அப்படியல்ல. அங்கே பொதுச் சுகாதாரச் சேவைக்கு விண்ணப்பதாரியால் ஏற்படக்கூடிய செலவை மதிப்பிட்டு ஓர் எல்லையோடு ஒப்பிடுவார்கள். கனடா 2018 இல் அந்த எல்லையை மூன்று மடங்காக உயர்த்தியது. எச்பிஏ1சி சீராக இருப்பதும், சிக்கல்கள் எதுவும் இல்லை என்று நிபுணர் எழுதித் தருவதும் அந்த மதிப்பீட்டில் பிள்ளைக்குச் சாதகமாக நிற்கும்.

எவ்வளவு கொண்டு செல்வது

மூன்று மாதங்களுக்குத் தேவையானதைக் கணக்கிட்டு, அதை இரட்டிப்பாக்குங்கள். இதில் பெரும்பாலோர் ஒரு பிழை விடுகிறார்கள். சிறுபிள்ளைக்கு மருந்து கொஞ்சம்தானே என்று அலகைக் கொண்டு கணக்குப் பார்க்கிறார்கள். பேனாவில் பூட்டும் 3 மில்லிலீற்றர் குழாயில் 300 அலகு இருக்கிறது. என் மகளுக்கு நீண்ட நேரம் செயற்படும் கிளார்ஜின் நாளுக்கு 5 அலகு; அப்படியானால் ஒரு குழாய் 60 நாளுக்கு வரும் என்று தோன்றும். ஆனால் திறந்த கிளார்ஜின் குழாயை 28 நாளின் பின் பயன்படுத்தக் கூடாது, ஆகவே மிகுதி 100 அலகுக்கு மேல் வீணே போகும். வேகமாகச் செயற்படும் இன்சுலினிலும் அவளுக்கு நாளுக்கு 5 அலகுதான், ஆனால் அது மூன்று ஊசிகளாகப் பிரிகிறது. ஒவ்வொரு ஊசிக்கும் முன் காற்றை வெளியேற்ற 2 அலகு போக, நாளுக்கு 11 அலகு செலவாகி, குழாய் 27 நாளிலேயே முடிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு வகையிலும் மூன்று மாதத்துக்கு 4 குழாய். உடைவு, வெப்பம், தாமதம் எல்லாவற்றுக்குமாக நாங்கள் 8 கொண்டு சென்றோம். நாளுக்கு 8 தடவை விரல் குத்திப் பார்ப்பதானால் 90 நாளுக்கு 720 கீற்றுகள், அதாவது 50 கீற்றுள்ள பெட்டிகள் 15. நாளுக்கு நான்கு ஊசி முனை என்றால் 360.

அரை அலகு வரை அளக்கக்கூடிய பேனா பிள்ளைக்கு இருந்தால் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு நிறுவனத்தின் குழாய் மற்றைய நிறுவனத்தின் பேனாவில் பொருந்தாது என்பதால், பேனா ஒன்று உடைந்தால் கையிலுள்ள இன்சுலின் முழுவதும் பயனற்றதாகிவிடும். அந்த நிலைமைக்காக 100 அலகுச் சிரிஞ்சுகள் குறைந்தது பத்து உங்கள் பையில் இருக்கட்டும். சென்னை வழியாகச் செல்பவர்கள் அங்கே அவசரத்துக்கு இன்சுலின் வாங்க நேர்ந்தால் குப்பியின் செறிவை முதலில் வாசியுங்கள். இந்தியாவில் மில்லிலீற்றருக்கு 40 அலகுள்ள குப்பி இன்னும் புழக்கத்தில் உள்ளது. அதை 100 அலகுச் சிரிஞ்சில் வழக்கமான கோடு வரை எடுத்தால் பிள்ளையின் உடலில் ஏறுவது ஐந்தில் இரண்டு பங்கு மட்டுமே.

தோலில் ஒட்டியபடி சீனியைத் தொடர்ந்து அளக்கும் சென்சரைப் பாவிப்பவர்கள், அதன் செயலி அந்த நாட்டுக் கைபேசிக் கணக்கில் இயங்குமா என்பதைப் புறப்படும் முன்னரே விசாரியுங்கள். சென்சர் இருந்தாலும் குளுக்கோமீற்றரை வீட்டில் விட்டுச் செல்லாதீர்கள். கீற்றோன் (இன்சுலின் போதாதபோது இரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) பார்க்கும் கீற்றுகளும், வைத்தியர் பரிந்துரைத்தால், சீனி ஆபத்தாக இறங்கும்போது அதை உயர்த்தும் குளுக்ககன் ஊசியும் பட்டியலில் இருக்க வேண்டும்.

குளிரும் வெப்பமும்

2022 மார்ச் மாதக் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த நாள்களைக் கொழும்பில் கடந்தவர்களுக்கு இன்சுலினைக் காப்பது பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு மண்பானைகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, இடையில் ஈர மணல் நிரப்பி, அடுப்பங்கரையின் மூலையில் எத்தனையோ தாய்மார் இன்சுலினைக் காத்தார்கள். அதே தத்துவத்தில்தான், நீரில் நனைத்தவுடன் குளிர்ந்து பல மணித்தியாலம் அப்படியே இருக்கும் பயண உறைகளும் வேலை செய்கின்றன. திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை செல்சியஸ். பாவனையில் உள்ளது பொதுவாக 30 பாகைக்குக் கீழே இருந்தால் போதும். வெப்பத்துக்குப் பயந்து பனிக்கட்டியின் மேல் நேரே வைப்பது அதைவிடப் பெரிய தவறு, ஏனெனில் ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பின் பார்வைக்குத் தெளிவாக இருந்தாலும் நம்பத்தக்கதல்ல. விமானத்தின் பொருள் அறையில் உறையும் அபாயமும், பெட்டியே தொலையும் அபாயமும் உண்டு என்பதால் ஒரு குழாய்கூட அங்கே போகக் கூடாது. முழுவதையும் கைப்பொதியில் எடுத்து, அதிலும் தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் முதலில் எடுத்துச் சென்றது ஜெல் பொதி. இடைத்தங்கல் விமான நிலையம் ஒன்றில் அது உருகித் திரவமாகிவிட்டது என்று கூறி, கடிதத்தைப் படிக்க மறுத்த ஓர் அதிகாரி அதை வாங்கி வைத்துக்கொண்டார். நனைக்கும் உறையில் அந்த வாக்குவாதத்துக்கே இடமில்லை. கழிப்பறைக் குழாய்த் தண்ணீர் போதும். பாதுகாப்புச் சோதனையில் இன்சுலின் எக்ஸ் கதிர்ப் பெட்டிக்குள் போவதால் பாதிப்பில்லை. உடலில் பொருத்திய சென்சரையும் இன்சுலின் செலுத்தும் பம்பையும் ஸ்கான் இயந்திரத்தில் விடலாமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடுவதால், கையால் சோதிக்கும்படி பணிவாகக் கேட்பதே நல்லது. கட்டுநாயக்கவில் கேட்டபோது மறுக்கவில்லை.

விமானத்தில்

கொழும்பிலிருந்து லண்டனுக்கு நேரடிப் பறப்பு ஏறத்தாழ 11 மணித்தியாலம். நீரிழிவுக்காரருக்கென்ற விசேட உணவை முன்பதிவு செய்ய வேண்டாம். அது பெரும்பாலும் வயது வந்தவர்களை எண்ணித் தயாரிக்கப்படுவது, மாச்சத்துக் குறைந்தது, பிள்ளை தொடவும் மாட்டாது. சாதாரணச் சிறுவர் உணவைக் கேளுங்கள். தட்டு உண்மையிலேயே பிள்ளையின் முன் வந்த பின்னரே ஊசியை எடுங்கள். வேகமாகச் செயற்படும் இன்சுலின் என்றால், எவ்வளவு சாப்பிட்டாள் என்று பார்த்துச் சாப்பாடு முடிந்த கையோடு போடலாமா என்று வைத்தியரிடம் கேட்டு வையுங்கள். ஒரு குலுக்கம் வந்தால் உணவு வண்டி பாதி வழியில் திரும்பிவிடும், போட்ட ஊசி திரும்பி வராது. ஒரு முழு நாளுக்குப் போதுமான உணவு உங்கள் பையில் இருக்கட்டும். நாங்கள் கிரீம் கிராக்கர், வாழைப்பழம், சிறிய பழச்சாற்றுப் பெட்டிகள், பொட்டலம் கட்டிய குளுக்கோஸ் ஆகியவற்றை எடுத்துச் சென்றோம்.

சீனி இறங்கினால் சிறுபிள்ளைக்குக் கொடுக்கும் அளவு நிறையைப் பொறுத்தது: கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ். 16 கிலோ பிள்ளைக்கு அது 5 கிராம் அளவில் வரும். மட்டமாக அள்ளிய ஒரு தேக்கரண்டி சீனி ஏறத்தாழ 4 கிராம். 15 நிமிடத்தில் மீண்டும் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்குச் சொல்லும் 15 கிராமைப் பதற்றத்தில் கொடுத்துவிட்டு, பிறகு வானில் ஏறிய சீனியோடு போராடும் தவறை நான் செய்திருக்கிறேன்.

நேர மாற்றத்துக்கான ஊசித் திட்டம் வைத்தியரின் கையெழுத்தோடு ஒரே தாளில் இருக்க வேண்டும். கொழும்பில் இரவு 8 மணி என்பது லண்டனில் கோடையில் பிற்பகல் 3.30, குளிர்காலத்தில் 2.30. எங்கள் வைத்தியர், பயண நாளில் கிளார்ஜினைக் கொழும்பு நேரப்படியே போட்டு, போய்ச் சேர்ந்த பின் நாளுக்கு ஒரு மணித்தியாலம் பிந்தச் சொன்னார். 3.30, 4.30, 5.30, 6.30 என்று ஐந்தாம் நாள் மாலை 7.30 க்கு வந்ததும் அங்கேயே நிறுத்தினோம். கனடாவின் கிழக்குப் பகுதிக்கு வித்தியாசம் ஒன்பதரை அல்லது பத்தரை மணித்தியாலம். இப்படி மெல்ல நகர்த்துவது அங்கே நெடுநாள் எடுக்கும் என்பதால் வேறு திட்டம் தேவைப்படும். மெல்பேர்ண் போகிறவர்களுக்கோ நாள் குறுகுகிறது, அதனால் இரண்டு ஊசிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து சீனி இறங்கக்கூடும். காலையும் மாலையும் கலவை இன்சுலின் போடும் பிள்ளைகளுக்கு ஊசியும் உணவும் பிணைந்திருப்பதால், வேளைக்கு வேளை எழுதிய திட்டம் இல்லாமல் புறப்படவே வேண்டாம். முதல் ஐந்து இரவுகளும் அதிகாலை 2 மணிக்கு அலாரம் வைத்துப் பாருங்கள். வாந்தி வந்தாலும் நீண்ட நேர இன்சுலினை நிறுத்தக் கூடாது; கீற்றோனைப் பாருங்கள். இரத்தக் கீற்றோன் லீற்றருக்கு 0.6 மில்லிமோலுக்குக் கீழ் இருந்தால் கவலையில்லை, 1.5 ஐத் தாண்டினால் வைத்தியரை அழைக்க வேண்டும், 3 ஐத் தாண்டினால் வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

இறங்கிய முதல் வாரம்

வீடு ஒழுங்காகும் வரை காத்திருக்காமல், இறங்கிய மறுநாளே குடும்ப வைத்தியரிடம் பதியுங்கள். எங்களை முதல் நாளில் வதிவிட அத்தாட்சி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவதற்கு அந்த அத்தாட்சி கட்டாயமல்ல என்பதை அப்போது நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் மழையில் பிள்ளையோடு இரண்டு தரம் நடந்திருக்க மாட்டேன். குடும்ப வைத்தியர்தான் சிறுவர் நீரிழிவுப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அதே சந்திப்பிலேயே இன்சுலின், கீற்று, ஊசி முனைக்கான மருந்துச் சீட்டையும் கேட்டு வாங்குங்கள். 16 வயதுக்குக் குறைந்தோருக்கு அங்கே மருந்துச் சீட்டுக் கட்டணம் இல்லை. 2022 முதல் அந்நாட்டின் வழிகாட்டல், முதலாம் வகை நீரிழிவுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடர் சென்சர் வழங்கச் சொல்கிறது. அவர்களாகத் தராவிட்டால் நீங்கள் வாய்விட்டுக் கேளுங்கள். கொழும்பில் எங்கள் கைக்காசில் எண்ணி எண்ணி ஒட்டிய பொருள் அது. இடையில் மருந்து தீரும் நிலை வந்தால் அங்குள்ள அரச சுகாதாரச் சேவையின் 111 என்ற இலக்கத்தை அழைக்கலாம். ஊனமுற்ற பிள்ளைகளுக்கான வாழ்க்கை உதவித்தொகையை நீரிழிவுப் பிள்ளைக்கும் எடுக்கலாம் என்று அங்குள்ள உறவினர் சொல்வார்கள். ஆனால் வேலை விசாவில் பொது நிதி, அதாவது அரச உதவிப் பணம் பெறுவது, தடைசெய்யப்பட்டிருந்தால் அதற்கு விண்ணப்பிப்பது விசாவையே பாதிக்கும். வைத்தியமும் பாடசாலையும் அந்தத் தடைக்குள் அடங்காது.

கனடாவில் இன்சுலினை மருந்துச் சீட்டு இல்லாமலே பார்மசியில் கேட்டு வாங்கலாம், காசு கொடுத்துத்தான். ஒன்ராறியோ 2020 இல் சுகாதாரக் காப்புறுதிக்கான மூன்று மாதக் காத்திருப்பை நீக்கிவிட்டது, ஆனால் பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மிகுதியும் அடுத்த இரண்டு மாதங்களும் காத்திருக்க வேண்டும். அந்தக் காலத்துக்குத் தனியார் காப்புறுதி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள். அவுஸ்திரேலியாவில் நிரந்தர வதிவிடம் பெற்றுச் செல்பவர்களுக்கு மெடிகேர் என்ற அரச சுகாதாரக் காப்புறுதியும், அதன் வழியே தேசிய நீரிழிவுச் சேவைத் திட்டமும் திறந்திருக்கும். தற்காலிக வேலை விசாவில் செல்பவர்களுக்கு அந்தக் கதவு பொதுவாகத் திறப்பதில்லை.

எண்கள்

இலங்கையில் சீனியை டெசிலீற்றருக்கு மில்லிகிராமில் சொல்கிறோம்; பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியாவில் லீற்றருக்கு மில்லிமோலில். எங்கள் எண்ணை 18 ஆல் வகுத்தால் அவர்களுடைய எண் வரும். 72 என்பது 4, 126 என்பது 7, 180 என்பது 10, 252 என்பது 14. பிரித்தானியாவில் எச்பிஏ1சியும் வேறு அலகில் வரும்: எங்கள் 7 சதவீதம் அங்கே 53. இரண்டு அலகுகளில் காட்டும் இரண்டு குளுக்கோமீற்றர்களை ஒரே வீட்டில் வைத்திருக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் ஒன்றை மற்றதாக வாசிக்க ஒரு நொடி போதும். வெள்ளவத்தையில் இருக்கும் அம்மம்மாவையும் நினைவில் வையுங்கள். முதல் வாரம் தொலைபேசியில் "இன்றைக்குச் சீனி எவ்வளவு?" என்று அம்மா கேட்க, நான் "ஆறு" என்றேன். மறுமுனையில் பேச்சே இல்லை. பிறகு ஒரு சிறிய ஒப்பீட்டு அட்டவணை எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். அது இன்றும் அம்மாவின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இருக்கிறது.

சாப்பாடும் காலநிலையும்

அங்குள்ள உணவியலாளர்கள் பாணுக்கும் பாஸ்தாவுக்கும் மாச்சத்தைச் சட்டென்று சொல்வார்கள். இடியப்பத்துக்குச் சொல்ல மாட்டார்கள். நீங்களே கணக்கிட்டுக்கொண்டு போங்கள். அரிசி மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 80 கிராம் மாச்சத்து. 200 கிராம் மாவைக் குழைத்துப் பிழிந்து 20 இடியப்பம் வந்தால், ஒவ்வொன்றிலும் 8 கிராம். உங்கள் உரலும் உங்கள் கையும் எத்தனை தருகின்றன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பாருங்கள். புட்டுக்கும் இதே வழி: மாவை நிறுத்து, அவித்த புட்டையும் நிறுத்து, கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துக்கொள்ளலாம். ஒரு சிறிய சமையல் தராசு பெட்டியில் இடம்பிடிக்கட்டும்.

முதல் வாரங்களில் பிள்ளையின் சீனி இறங்கும் பக்கமே அதிகம் சாய்ந்தது. கொழும்பில் முச்சக்கர வண்டியில் நேர்சரிக்குப் போனவள் அங்கே தினமும் நடந்தாள். குளிர்ந்த விரலில் இரத்தம் வராது, வந்தாலும் கருவி குளிரில் பிழை காட்டும். ஆகவே கையைக் கழுவிச் சூடாக்கிவிட்டுக் குத்துங்கள். பனிக்காலத்தில் இன்சுலினை முதுகுப் பையில் வைக்காமல் மேலங்கியின் உட்பையில் வைக்க வேண்டும்.

பாடசாலை

இங்கிலாந்தில் 2014 ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் குடும்பங்கள் சட்டம், நோயுள்ள மாணவருக்கு ஆதரவளிக்கும் கடமையை அரச பாடசாலைகளுக்கு விதிக்கிறது. "வீட்டிலிருந்து யாராவது வந்து ஊசி போடுங்கள்" என்று சொன்னால் இதை எடுத்துக் காட்டுங்கள். பிள்ளைக்கான தனிப்பட்ட பராமரிப்புத் திட்டம் எழுதப்பட்டு, அதைச் செய்ய இருவருக்காவது பயிற்சி கிடைத்த பின்னரே முதல் நாள் முழுநேரம் விடுங்கள். இதற்கு நீரிழிவுத் தாதி பாடசாலைக்கே வருவார்.

அந்தத் திட்டத்தில் இல்லாத ஒன்றை நான் சேர்த்தேன். சீனி இறங்கும்போது என் மகள் ஆங்கிலம் பேசமாட்டாள். "அம்மா, கால் நடுங்குது" என்பாள், அல்லது "பசிக்குது, பசிக்குது" என்று அழுவாள்; சில நேரம் "போ" என்று மட்டும் சொல்லிவிட்டு மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடுவாள். அடம்பிடிக்கிறாள் என்று எண்ணி ஆசிரியை அவளைத் தனியே அமர்த்திய நாளில் அளவு 2.9. அன்றிரவு அந்த மூன்றையும் ஆங்கில எழுத்தில் உச்சரிப்போடும் பொருளோடும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் அவள் முகம் வெளிறிய ஒரு படத்தையும் ஒட்டி, "இவற்றில் எதைக் கேட்டாலும் முதலில் விரலைக் குத்துங்கள்" என்று அடிக்கோடிட்டேன். ஒரு பிரதி வகுப்பறைச் சுவரில், ஒன்று உணவு மண்டபத்தில், ஒன்று அவளது குளுக்கோஸ் பெட்டிக்குள். ஊரை விட்டுப் புறப்படும் முன்னரே உங்கள் பிள்ளையின் சொற்களைக் கவனித்து எழுதத் தொடங்குங்கள். ஒவ்வொரு தவணையும் அந்தத் தாளைப் புதுப்பியுங்கள், ஏனெனில் ஆறு மாதத்தில் என் மகள் அதையே ஆங்கிலத்தில் வேறு விதமாகச் சொல்லத் தொடங்கியிருந்தாள்.